கொண்டச்சி எந்தப் பெட்டிக்குள்?

கொண்டச்சி
2012 மார்ச் 4

நிறஞ்சலா,

கம்பஸில் நாலு வருசம் ஒரே வாங்கில் இருந்தும் ஒரு நாள்கூட எனக்கு நோட்ஸ் காட்டாத உமக்கு, இன்றைக்கு ஒரு முழு நெற்வேர்க்கையே எழுதி அனுப்புகிறேன். பெருமையடிக்கிறான் என்று நினைப்பீர். ஓம், பெருமைதான் அடிக்கிறேன்.

உமது பள்ளிமுனை வீட்டுக் கூரையிலிருந்து கடலுக்கு மேலாக அரிப்பு ஊர்த் தண்ணீர்த் தாங்கிக்கும், அங்கிருந்து எங்கள் கொண்டச்சிப் பள்ளிக்கூடத்துக்கும் ரேடியோ இணைப்பு ஓடுகிறது. ஒன்றல்ல, இரண்டு. ஒன்றை உங்கள் கத்தோலிக்கக் கோயில் நிவாரணக்காரர் போட்டுத் தந்தார்கள். மற்றதைப் புத்தளத்தில் இருக்கும் எங்கள் ஆட்களின் சங்கம் போட்டது. ஒன்று அறுந்தால் மற்றது தாங்கும். உமது அன்ரோனெற் அக்கா பள்ளிமுனையில் வீட்டு அறையில் நின்று இணைந்த கணிதம் படிப்பிக்கிறா, இங்கே பிள்ளைகள் திரையில் பார்த்து எழுதுகிறார்கள்.

தொண்ணூறில் முஸ்லிம்கள் எல்லோரையும் வடக்கை விட்டு வெளியே போகச் சொன்னபோது நான் உம்மாவின் இடுப்பில் ஏறும் வயதைத் தாண்டியிருந்தேன். புத்தளம் அகதி முகாமில்தான் எழுத்துப் படித்தேன். இப்போது ஊர் காடு மண்டிக் கிடக்கிறது, வீடுகள் எழும்புகின்றன. ஆனால் கம்பஸ் போக ஏ.எல். படிக்கும் பிள்ளை இருக்கிற வீட்டுக்காரர், இங்கே கணக்குப் படிப்பிக்க ஆள் இல்லை என்று திரும்பி வர யோசிக்கிறார்கள். என் ராத்தா ஹைறுன்னிஸா, எனக்கு ஒரே மூத்தவள், மகள் சப்னாவைப் புத்தளத்து டியூஷனிலிருந்து மறித்துக் கூட்டி வந்துவிட்டாள். "வகுப்பு அறாது, நான் பொறுப்பு" என்று நான் சொன்ன ஒரு சொல்லுக்காக வந்தவள். அவளைப் பார்த்து இன்னும் பல குடும்பங்கள் காத்திருக்கின்றன.

இனி உமது காரியம். நெற்வேர்க்கில் எது எதனோடு சேர்ந்தது என்று கம்பியூட்டருக்கு விளங்கச் சொல்லும் ஸ்கீமா ஒன்றை நெதர்லாந்தில் இருந்து பல நாட்டவரோடு எழுதுகிறீர், அதைப் பரீட்சித்துப் பார்க்க எங்கள் நெற்வேர்க்கைக் கேட்டீர். நிரப்பினேன். ஒரு இடத்தில் மாட்டுப்பட்டேன். இரண்டு இணைப்பையும் அவரவர் சொந்தக்காரர் குழுவுக்குள் போட்டாயிற்று. ஆனால் அரிப்பில் இரண்டு ரேடியோவுக்கும் கரண்ட் கோயில் பியூஸ் போர்டிலிருந்துதான் போகிறது. எங்கள் சங்கத்து ரேடியோவுக்குத் தனி சோலர் கொண்டு போனோம். கோயில் மூப்பர் சந்தியோகு அதை இறக்க விடவில்லை. "எங்கட ஊருக்கு வந்த சாமான் எங்கட கரண்டிலதான் ஓடும்" என்றார். அந்த மனுசனின் முகத்தைப் பார்த்து எப்படி மறுப்பது? இந்த விசயத்தை உமது ஸ்கீமாவில் எங்கே எழுதுவது?

ஜவாஹிர்


உட்றெக்ட்
2012 மார்ச் 11

ஜவாஹிர்,

நோட்ஸ் காட்டாததற்குக் காரணம், நீர் வாங்கினால் திருப்பித் தர மாட்டீர் என்பது. அக்காவின் வகுப்பைப் பற்றி அவவே ரெலிபோனில் சொன்னா. சந்தோசத்தில் அவ அழுதா, நான் அழவில்லை, ஆனால் அன்றைக்கு மத்தியானம் வேலை செய்யும் கந்தோரில் எல்லோருக்கும் பள்ளிமுனை எங்கே இருக்கிறது என்று படம் போட்டுக் காட்டினேன்.

உமது கேள்விக்குப் பதில்: எங்கும் எழுத முடியாது. ஸ்கீமா எக்ஸ்.எம்.எல்லில் இருக்கிறது. அதில் ஒரு உறுப்பு ஒரு குழுவுக்குள்தான் இருக்கும். அலுமாரியில் ஒரு சட்டை ஒரு தட்டில்தானே கிடக்கும்? சொந்தக்காரர் என்ற தட்டில் வைத்த இணைப்பை மின்சாரம் என்ற தட்டிலும் வைக்க இயலாது. எங்களோடு சேர்ந்து வேலை செய்கிறவர்களின் மென்பொருள் எல்லாம் இப்படித்தான் வாசிக்கிறது. கரண்ட் கதையைக் குறிப்பு என்ற இடத்தில் இரண்டு வரியில் போட்டு விடும். அதை மனிதர் வாசிக்கலாம், கம்பியூட்டர் வாசிக்காது.

ஆர்.டி.எவ். முறையில் எழுதினால் ஒரு உறுப்பைப் பற்றி எத்தனை வசனமும் எழுதலாம், எத்தனை குழுவிலும் சேர்க்கலாம் என்று நீர் கம்பஸ் காலத்திலேயே தொண்டை கிழியக் கத்தினது எனக்கு ஞாபகம் இருக்கிறது. மறுபடி தொடங்காதேயும். ஒழுங்கு என்று ஒன்று வேண்டும்.

நீர் அனுப்பியதைச் சோதனை புரோகிராமில் ஓட்டிப் பார்த்தேன். பள்ளிமுனையிலிருந்து கொண்டச்சிக்கு ஒன்றோடு ஒன்று சேராத இரண்டு பாதை என்று வந்தது. உமது ராத்தாவிடம் சொல்லும், என் ஸ்கீமாவும் பொறுப்பு.

நிறஞ்சலா


கொண்டச்சி
2012 ஓகஸ்ட் 12

நிறஞ்சலா அவர்களுக்கு,

நீங்கள் நலமாக இருப்பீர்கள். உங்களுடைய ஸ்கீமாவும் நலமாகத்தான் இருக்கும்.

அரிப்பில் திருவிழா நடந்தது. திருவிழாவுக்கு முந்திய மாலை வேஸ்பர் ஆராதனைக்குக் கோயில் முகப்பு முழுக்க மின்குமிழ் போட்டார்கள், ஒலிபெருக்கி நாலு பக்கமும் கட்டினார்கள். போர்டு தாங்காமல் வயர் உருகிவிட்டது. கோயிலுக்கு உடனே ஜெனரேற்றர் வந்தது. தண்ணீர்த் தாங்கியில் இருந்த இரண்டு ரேடியோவும் ஒன்றாகச் செத்தன. ஒன்றோடு ஒன்று சேராத இரண்டு பாதை. திருவிழா முடிந்து ஆள் வந்து வயர் மாற்றும்வரை வகுப்பு இல்லை. தவணைப் பரீட்சைக்கு முந்திய வாரம்.

நான் அரிப்புக்கு ஓடினேன். பந்தலுக்குள் நின்ற மூப்பர் என் கையைப் பிடித்து இருத்திச் சோறு போட்டார். அவருக்கு என்ன நடந்தது என்றே தெரியாது. சொல்லவும் எனக்கு வாய் வரவில்லை.

ராத்தா சண்டை பிடிக்கவில்லை. பிடித்திருந்தால் நல்லது. சப்னாவின் புத்தகங்களைக் கட்டி எடுத்துக்கொண்டு புத்தளம் பஸ்ஸில் ஏறினாள். ஏறும்போது, "உன்ர சொல்லை நம்பினது என்ர பிழை தம்பி, உன்ர பிழை இல்ல" என்றாள். காத்திருந்த குடும்பத்தாரும் இனிக் காத்திருக்க மாட்டார்கள்.

உங்களிடம் நான் மார்ச் மாதமே கேட்டேன். குறிப்பில் எழுதச் சொன்னீர்கள். எழுதினேன். அது அங்கேயே இருக்கிறது.

இப்படிக்கு,
ஏ. எம். ஜவாஹிர்


உட்றெக்ட்
2012 ஓகஸ்ட் 15

ஜவாஹிர் அவர்களுக்கு,

பியூஸ் போர்டுக்கு முன்னால் நின்றது நீங்கள், நான் அல்ல. ஒரு கரண்டில் இரண்டு பாதை ஓடுகிறது என்று தெரிந்துகொண்டும் ராத்தாவுக்கு வாக்குக் கொடுத்தது நீங்கள். மூப்பரின் மனம் நோகும் என்று சோலரைத் திருப்பி எடுத்ததும் நீங்கள். ஸ்கீமா என்பது நாங்கள் சொன்னதைத்தான் சொல்லும், சாஸ்திரம் பார்க்காது.

அன்று அக்கா வெறும் திரைக்கு முன்னால் நின்று கணக்கை முடிக்கும்வரை படிப்பித்திருக்கிறா. அங்கே பிள்ளைகள் கேட்கிறார்கள் என்ற நினைப்பில். அதையும் நீங்கள் தெரிந்துகொள்வது நல்லது.

நிறஞ்சலா


கொண்டச்சி
2012 செப்டெம்பர் 20

நிறஞ்சலா,

"அவர்களுக்கு" என்று எழுதக் கை கூசுகிறது, விடுகிறேன். இது சமாதானக் கடிதம் அல்ல. ஒரு விசயம் சொல்ல வேண்டும், அதைச் சொல்ல உம்மை விட்டால் எனக்கு வேறு ஆள் இல்லை.

நேற்று வீட்டுத் திட்டத்துக்காக ஒரு அரசாங்கக் கந்தோருக்குப் போனேன். மேசைக்கு அந்தப் பக்கம் இருந்தவர், புத்தளமா மன்னாரா, ஒன்றைச் சொல்லு என்றார். புத்தளத்தில் எங்களுக்கு ஒரு குடிசை இருக்கிறது, வாப்பாவை அடக்கின கபுறும் அங்கேதான். மன்னார்ப் பக்கம் இந்தக் கொண்டச்சியில் எங்கள் காணி இருக்கிறது, நான் பிறந்தது இங்கே. இரண்டும் என்றேன். இரண்டுக்கும் கட்டம் இல்லை என்றார். சேற்றில் ஒரு கால் ஆற்றில் ஒரு கால் வைக்கிற ஆள் என்று என்னைப் பார்த்தார். நான் பொய் சொல்கிறேன் என்று நினைத்திருப்பார்.

அந்த மனுசனில் எனக்குக் கோபம் வரவில்லை. அவருக்குக் கொடுத்த தாளில் ஒரு கட்டம்தான் இருந்தது. ஆனால் திரும்பி வரும் வழியெல்லாம் உம்மில்தான் கோபம் வந்தது. அந்தத் தாளை யாரோ படித்த ஒருவர், ஒழுங்கு வேண்டும் என்று சொல்லித்தானே வரைந்திருப்பார்? ஒரு பொருளுக்கு ஒரு பெட்டிதான் என்று உமது ஸ்கீமாவும் அதே கேள்வியைத்தான் கேட்கிறது. உமக்கு அது அலுமாரித் தட்டு. எனக்கு அது நான் எந்த ஊரான் என்ற கேள்வி. நீர் அறிவுள்ளவர். குண்டுச்சட்டிக்குள் குதிரை ஓட்டுகிறீர் என்று சொல்லாமல் விட்டால் நான் உமது சிநேகிதன் இல்லை.

போர்டில் நின்றது நான்தான். அது சரி.

ஜவாஹிர்


உட்றெக்ட்
2012 ஒக்ரோபர் 28

ஜவாஹிர்,

உமது கடிதம் வந்த அன்று பதில் எழுதத் தொடங்கி நாலு தரம் அழித்தேன். பிறகு பதில் எழுதுவதை விட்டுவிட்டு ஸ்கீமாவை எழுதினேன். மன்னிப்பு என்று ஒரு சொல்லை இதில் தேடாதேயும். எனக்கு அது வராது, உமக்கும் தெரியும்.

பெட்டிகளை உடைத்துவிட்டேன். இனி எந்த உறுப்பும் எந்தக் குழுவுக்கும் உள்ளே இல்லை. ஒவ்வொன்றும் தன் சொந்த அடையாளத்தோடு வெளியே தனியாக நிற்கும். குழுவில் சேர்வது என்பது ஒரு உறவு மட்டும். "இந்த இணைப்பு இந்தக் குழுவின் உறுப்பு" என்று ஒரு வசனம், அவ்வளவுதான். எத்தனை வசனமும் எழுதலாம். ஒரு குழு இன்னொரு குழுவின் உறுப்பாகவும் இருக்கலாம். ஆர்.டி.எவ்வில் இது தானாகவே வரும். எக்ஸ்.எம்.எல்லில் உறுப்பை உள்ளே திணிக்காமல், குழு அதன் அடையாளத்தை மட்டும் சொல்லிக் கூப்பிடும்படி மாற்றினேன். இரண்டு எழுத்திலும் இப்போது ஒரே உண்மை இருக்கிறது. குழு எந்த வகை என்பதும் எழுதலாம்: சொந்தக்காரர், இடம், மின்சாரம்.

பிறகு நம்முடைய நெற்வேர்க்கைப் புதிதாக எழுதி ஒரே ஒரு கேள்வி கேட்டேன். போய்ச் சேரும் உங்கள் பள்ளிக்கூடத்தை விட்டால், இரண்டு பாதைக்கும் பொதுவான குழு எது? அரிப்பு மின்சாரம் என்று வந்தது. அது தெரிந்த கதை. அரிப்புத் தண்ணீர்த் தாங்கி என்று வந்தது. அதுவும் சரி. மூன்றாவதாகப் பள்ளிமுனையில் ஒரு வீட்டுக் கூரை என்று வந்தது.

அது எங்கள் வீடு. நீர் முதல் கடிதத்திலேயே எழுதியிருந்தீர். நான் பிறந்த வீடு, அந்தக் கூரையில் ஏறி அப்பாவிடம் அடி வாங்கியிருக்கிறேன். அப்படியிருந்தும் இரண்டு ரேடியோவும் அங்கே ஒன்றாக நிற்பது எனக்குக் கண்ணில் படவில்லை. யானைக்கும் அடி சறுக்கும் என்று நீர் சொல்ல வாய் திறக்க முன் நானே சொல்லிவிடுகிறேன், யானை நான்தான்.

என் பக்கத்தை நான் பார்க்கிறேன். அக்கா ஒரு ரேடியோவைத் தான் படிப்பிக்கும் பள்ளிக்கூடத்துக் கூரைக்கு மாற்ற அதிபரிடம் கேட்டுவிட்டா. உமது பக்கம் அரிப்பு. உங்கள் சங்கத்து ரேடியோவைக் கோயில் கரண்டிலிருந்தும் தாங்கியிலிருந்தும் வெளியே எடுக்க வேண்டும். மூப்பரிடம் நீர்தான் பேச வேண்டும். அதற்கு ஸ்கீமா ஒன்றும் எழுதித் தர என்னால் ஆகாது.

நிறஞ்சலா


கொண்டச்சி
2012 நவம்பர் 25

நிறஞ்சலா,

உமது கடிதத்தை வாசித்துவிட்டு இரண்டு கிழமை அரிப்புப் பக்கமே போகவில்லை. ஒருவர் வீட்டுச் சோறு தின்றுவிட்டு, இனி உம்முடைய அடுப்பு வேண்டாம் என்று எப்படிச் சொல்வது? கடைசியில் போனேன். மூப்பர் கடற்கரை வாடியில் கிழிந்த வலையைப் பொத்திக்கொண்டு இருந்தார். எங்கள் ரேடியோவைப் பக்கத்து ஊர் சிலாவத்துறைக்கு மாற்றப் போகிறோம் என்றேன். கை நின்றது.

"எங்கட கரண்ட் உங்களுக்குக் கசக்குதோ தம்பி?"

ஒன்றும் மறைக்காமல் சொன்னேன். வேஸ்பர் அன்று என்ன நடந்தது, ராத்தா எப்படிப் பஸ் ஏறினாள், இரண்டும் ஒரே இடத்தில் நின்றால் ஒன்றை ஒன்று தாங்க முடியாது, தள்ளி நின்றால்தான் உங்கள் ரேடியோ விழும்போது எங்களது பிடிக்கும், எங்களது விழும்போது உங்களது பிடிக்கும் என்று. அவர் வலையைக் கீழே வைத்தார். திருவிழா வெளிச்சத்தால் ஒரு பிள்ளையின் படிப்பு நின்றது அவருக்கு அதுவரை தெரியாது. முகம் கறுத்துவிட்டது. சொல்லாமல் விட்டதற்கு என்னை ஏசினார், நல்லாக ஏசினார்.

பிறகு நிபந்தனை போட்டார். மனுசன் பிடித்த முயலுக்கு மூன்றே கால். ரேடியோ போகலாம், ஆனால் அது ஏறி நிற்கிற கம்பம் அரிப்புக் கம்பமாக இருக்க வேண்டும். போன வருசம் கோயிலுக்குப் புதுக் கொடிமரம் வைத்தார்களாம், பழைய இரும்புக் கொடிமரம் மண்டபத்துக்குள் கிடக்கிறது. பங்குத் தந்தையிடம் கேட்டு அதைத்தான் தருவேன் என்று நின்றார். தந்தும் விட்டார்.

அரிப்புப் பெடியங்கள் கொடிமரத்தை வள்ளத்தில் ஏற்றிச் சிலாவத்துறைக்குக் கொண்டு வந்தார்கள். மீராசாஹிபு நானாவின் பலசரக்குக் கடைக்கு மேலே அது ஏறியது. நானா கீழே நின்று அண்ணாந்து பார்த்து, "கோயில் கொடிமரம் நிக்கிற கடை, இனிக் கடனுக்கு ஒருத்தனும் வரமாட்டான்" என்றார். மூப்பர் அவருடைய தேத்தண்ணியைக் குடித்துக்கொண்டு சிரித்தார். அங்கே நின்ற எல்லோருக்கும் தலை கொஞ்சம் நிமிர்ந்துதான் இருந்தது. எனக்கும்.

இதைப் புது ஸ்கீமாவில் எழுதி அனுப்புகிறேன். கம்பம் அரிப்புக் கோயிலின் சொத்து. நிற்பது சிலாவத்துறைக் கடையில். கரண்ட் மீராசாஹிபு நானாவுடையது. ரேடியோ புத்தளத்துச் சங்கத்துடையது. பழைய அலுமாரியில் இதை எந்தத் தட்டில் வைத்திருப்பீர்?

ராத்தாவிடம் சொன்னேன். ஒரு தரம் ஏமாந்தது போதும் என்றாள். கண்ணால் கண்டால்தான் நம்புவாளாம்.

ஜவாஹிர்


உட்றெக்ட்
2013 பெப்ரவரி 17

ஜவாஹிர்,

ஸ்கீமாக் கூட்டம் முடிந்து வந்து சப்பாத்துக்கூடக் கழற்றாமல் எழுதுகிறேன்.

புதுக் குழு உறவை முன்வைத்தேன். அங்கே மூத்தவர் ஒருவர் இருக்கிறார், கெட்டவர் அல்ல, என்னிலும் கெட்டிக்காரர். ஒரு உறுப்பு ஒரே நேரத்தில் இவ்வளவு குழுவில் இருப்பது புத்தகத்துக்கு அழகு, நடைமுறையில் யாருக்கும் தேவைப்படாது, பழைய மென்பொருளெல்லாம் மாற்ற வேண்டி வரும் என்றார். அதைத்தான் நானும் உமக்கு மார்ச் மாதத்தில் எழுதினேன். என் வாயால் வந்த நியாயத்தை இன்னொரு ஆளின் வாயில் கேட்பது நல்ல அனுபவம் இல்லை.

நான் சிலாவத்துறைக் கடைக் கூரையின் படத்தைத் திரையில் போட்டேன். இந்தக் கம்பம் ஒரு கத்தோலிக்கக் கோயிலின் கொடிமரம், ஒரு முஸ்லிம் கடையின் கூரையில் நிற்கிறது, மூன்றாவது ஊரிலிருந்து வந்த சங்கத்தின் ரேடியோவைத் தாங்குகிறது என்றேன். இதற்கு ஒரே ஒரு பெட்டி தரச் சொன்னால் எது தருவீர்கள் என்று கேட்டேன். பிறகு பள்ளிமுனைக் கூரைக் கதையையும் சொன்னேன், என் வீடு என்று சொல்லியே சொன்னேன். பழைய ஸ்கீமாவை எழுதினவளே சொல்கிறாள் என்றால் கேட்பார்கள்தானே.

ஏற்றுக்கொண்டார்கள். அந்த மூத்தவர்தான் முதலில் கை தூக்கினார்.

இன்னும் ஒன்று. உதாரணப் பகுதியில் ஊர்ப் பெயர்களை எடுத்துவிட்டு ஏ, பி, சி என்று போடலாம், வெளிநாட்டாருக்கு வாசிக்க லேசு என்றார்கள். மற்ற எல்லாவற்றுக்கும் விட்டுக்கொடுத்தேன், அதற்கு விடவில்லை. ஆவணத்தின் முதலாவது உதாரணத்தில் பள்ளிமுனை, அரிப்பு, சிலாவத்துறை, கொண்டச்சி என்று நாலு பெயரும் நிற்கிறது. நெற்வேர்க்கில் குழு என்றால் என்ன என்று இனிப் படிக்கிற எவரும் கொண்டச்சி என்ற சொல்லை ஒரு தரமாவது உச்சரித்துத்தான் ஆக வேண்டும். பிழையாக உச்சரிக்கட்டும், எனக்குப் பரவாயில்லை.

எனக்குப் பெருமையாக இருக்கிறது ஜவாஹிர். இதை உமக்கு எழுதாமல் வேறு யாருக்கு எழுதுவது?

நிறஞ்சலா


கொண்டச்சி
2013 ஜூன் 21

நிறஞ்சலா,

உமது ஆவணம் வந்தது. முதல் உதாரணத்தை அச்சடித்து வகுப்பறைச் சுவரில் ஒட்டினேன். பிள்ளைகளுக்கு ஒரு சொல் விளங்காது, ஆனால் ஊர்ப் பெயரை விரலால் தொட்டுத் தொட்டுப் பார்க்கிறார்கள்.

ராத்தா போன கிழமை வந்தாள். தங்க வரவில்லை, காணி துப்புரவாக்க ஆள் பிடித்துக் கொடுக்க வந்தாள். சப்னாவும் விடுமுறையில் கூட வந்தாள். பின்னேரம் வகுப்புத் தொடங்கியதும் பிள்ளை தானாகப் போய் முன் வாங்கில் இருந்தது. ராத்தா கடைசிக் கதிரையில் கையைக் கட்டிக்கொண்டு இருந்தாள், பரீட்சை மேற்பார்வைக்கு வந்த மாதிரி. அன்ரோனெற் ரீச்சர் தொகையீட்டில் ஒரு நீளமான கணக்கைத் தொடங்கினா.

அன்று சோளகக் காற்றுப் பிடுங்கி எறிகிற மாதிரி அடித்தது. வகுப்புப் பாதி நடந்துகொண்டிருக்கும்போது மூப்பர் எனக்கு ரெலிபோன் எடுத்தார். தாங்கியில் இருந்த ரேடியோ காற்றுக்குக் கழன்று விழுந்து இரண்டாய்ப் போய்விட்டதாம். மனுசனுக்கு மூச்சு வாங்குகிறது. திரும்பித் திரையைப் பார்த்தேன். ரீச்சர் படிப்பித்துக்கொண்டுதான் நின்றா. சோக்கட்டி நகர்ந்துகொண்டுதான் இருந்தது. ஒரு பிள்ளையும் தலை நிமிர்த்தவில்லை. விழுந்தது ஒருவருக்கும் தெரியவில்லை, ரீச்சருக்கும் தெரியவில்லை. நான் வாழ்க்கையில் கட்டின ஒன்றை ஒருவரும் கவனிக்காமல் விட்டது இதுதான் முதல் தரம், நிறஞ்சலா, எனக்கு அங்கேயே எழும்பி நின்று கத்த வேண்டும் போல இருந்தது.

வகுப்பு முடிந்து பிள்ளைகள் போன பிறகுதான் ராத்தாவிடம் சொன்னேன். அரிப்பு விழுந்து முக்கால் மணித்தியாலம் என்றேன். அவள் நம்பவில்லை. மூப்பருக்கு ரெலிபோன் எடுத்து அவளிடம் கொடுத்தேன். ஓம், ஓம் என்று கேட்டுக்கொண்டிருந்தாள். வைத்துவிட்டுச் சப்னா எழுதின கணக்கை வாங்கிப் பார்த்தாள், அவளுக்குக் கணக்குத் தெரியாது, ஆனாலும் கடைசி வரிவரை பார்த்தாள். பிறகு என்னிடம் திரும்பினாள்.

"லொறி ஒண்டு பிடி தம்பி. புத்தளத்தில மிச்சச் சாமானும் கிடக்கு, குடிசையைப் பிரிக்க வேணாம், அதுவும் எங்கடதான்."

லொறி திங்கட்கிழமை போகிறது.

ஜவாஹிர்